சித்தியின் நான்கு நிமிடத் தூக்கம்

என் சித்தியின் வேலை தூங்குவது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிட்டு, "சும்மா சொல்லுப்பா, என்ன வேலை?" என்று மறுபடியும் கேட்பார்கள். மறுபடியும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். மெத்தைத் தொழிற்சாலையில் தைத்து முடித்த ஒவ்வொரு மெத்தையிலும் நான்கு நிமிடம் தூங்கி எழுந்து, அது சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். நாளைக்கு நாற்பது மெத்தை. பதினெட்டு வருட அனுபவம். எங்கள் குடும்பத்தில் தூங்கிச் சம்பாதித்த ஒரே ஆள் அவள்தான். சம்பாதிக்காமல் தூங்கியவர்கள் பலர் உண்டு. அந்தப் பட்டியலில் எனக்கு நல்ல இடம்.

அவள் வேலைக்கு உலை வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது ஓர் ஒப்பந்தத்தால். எங்கள் பல்கலைக்கழகமும் அந்தத் தொழிற்சாலையும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. மொத்தம் பதினேழு பக்கம். இரு தரப்பும் ஒன்றையொன்று எவ்வளவு மதிக்கின்றன என்பதைச் சொல்லவே பதினாறு பக்கம் ஆகியிருந்தது. பதினேழாவது பக்கத்தில், தொழிற்சாலையின் உற்பத்தி உத்தியை மேம்படுத்த இறுதியாண்டு மாணவர் ஒருவர் அனுப்பப்படுவார் என்று ஒரு வரி. அன்றைக்கு வகுப்புக்கு யார் வரவில்லையோ அவரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் துறையின் வழக்கம். நான் வரவில்லை.

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அம்புக்குறி. எந்தச் சிக்கலைச் சொன்னாலும் பலகையில் இரண்டு பெட்டி வரைந்து நடுவில் ஓர் அம்புக்குறி போடுவார். அதன்பிறகு அந்தச் சிக்கல் நம்முடையது, அவருடையது இல்லை. எனக்கும் அப்படி ஒன்று வரைந்து கொடுத்தார். முதல் பெட்டியில் 'நான்கு நிமிடம்'. இரண்டாவது பெட்டியில் 'பதினொரு விநாடி'.

பதினொரு விநாடி என்பது எங்கள் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாக உருவாகிவந்த ஓர் இயந்திரம். ஓர் ஆளின் எடையுள்ள உருளை. மெத்தைமேல் உருண்டு, பச்சை விளக்கையோ சிவப்பு விளக்கையோ போடும். ஆய்வகத்தில் அதைக் குண்டண்ணன் என்று கூப்பிடுவோம். குண்டண்ணன் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்டால் துறைக்குப் பெருமை, பேராசிரியருக்குக் கட்டுரை, எனக்குப் பட்டம். முடிவு தயாராக இருந்தது. அதற்குப் பொருத்தமான எண்களை நான் போய்க் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

"சார், அங்க தூங்கற ஆள் எங்க சித்தி" என்றேன்.

"ரொம்ப நல்லது. ஒத்துழைப்புக் கிடைக்கும்" என்றார்.

*

தொழிற்சாலை நீளமான ஒரே கொட்டகை. கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடுகள் வழியாக வெயில் தூண் தூணாக இறங்கும். அந்தத் தூண்களுக்குள் பஞ்சுத் தூசி மெதுவாக மேலே போய்க்கொண்டிருக்கும். கீழே வந்து நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் செருப்பை இழுத்து நடப்பதில்லை. யாரும் உரக்கக் கூப்பிடுவதில்லை. முதலாளி போனில் பேசினால்கூடக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்தவர் போலக் கிசுகிசுப்பார். தையல் இயந்திரங்களைக் கொட்டகையின் அந்தக் கோடியில் போட்டிருந்தார்கள். இந்தக் கோடியில் நின்று கேட்டால் பக்கத்துத் தெருவில் மழை பெய்வது போல இருக்கும். எல்லாம் ஒன்பதாவது நிலையத்துக்காக.

ஸ்பிரிங் கட்டுவது முதல் நிலையம். ஓரம் தைப்பது எட்டாவது. ஒன்பதாவது ஒரு சின்ன அறை. ஒரு கதவு வழியாக மெத்தை உருளைத் தண்டுகளின்மேல் உள்ளே வரும். சித்தி படுப்பாள், எழுவாள், சாக்பீஸால் ஏதோ எழுதி அடுத்த கதவு வழியாகத் தள்ளிவிடுவாள்.

முதல்நாள் நான் போன நேரம் அந்த அறையின் வெளிக்கதவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிசுகிசுப்பான சண்டை.

"இது யாரு தைச்சது? மூணு நாளா ரயிலைத் தவற விட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் சித்தி.

எதிரே நின்றவர் தையல் பிரிவின் தலைமை. எல்லாருக்கும் அவர் ஊசியக்கா. பேச்சும் அப்படித்தான். "ரயில்னா ஓரத் தையல் இழுக்குது. அந்தப் புதுப் பொண்ணுதான், நூலை இறுக்கிடறா. நேத்து வேற என்ன வந்துச்சு?"

"நேத்து மாடிப்படி. இறங்க இறங்கத் தீரல."

"அது ஸ்பிரிங் தணிஞ்சது. அதைச் சரிபண்ணியாச்சு. பிளாட்பாரம் வரைக்கும் போனீங்களா, வாசல்லயே நின்னுட்டீங்களா?"

"பிளாட்பாரம் வரைக்கும் போனேன். கடைசிப் பெட்டி தெரிஞ்சுது."

"அப்போ கால்மாட்டுப் பக்கம்" என்று சொல்லி, ஊசியக்கா மெத்தையின் கால்மாட்டைப் பிரிக்கத் தொடங்கினார். அங்கேதான் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் குறிப்பேட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதில் இதற்கான கட்டம் இல்லை.

சித்தி பிறகு எனக்கு விளக்கினாள். "நல்ல மெத்தைன்னா கனவே வராதுடா. கிணத்துல கல்லு விழுந்த மாதிரி, விழுந்தோம், எழுந்தோம், முடிஞ்சுது. எங்கயாவது உடம்புல இடிச்சா, அந்த உடம்பு இருக்கே, அது நேரா சொல்லாது. கதை கட்டும். பசை காயலன்னா நனைஞ்ச சட்டையோட ஒரு கல்யாணத்துக்குப் போவேன். நடுவுல ஒரு ஸ்பிரிங் விட்டுப்போச்சுன்னா பக்கத்து ரூம்ல யாரோ கூப்பிடுவாங்க, போனா ஆள் இருக்காது."

"இதையெல்லாம் யாரு கத்துக்குடுத்தது சித்தி?"

"தூங்கறதுக்கு யாராவது கத்துக்குடுப்பாங்களா? போடா."

கனவுகளைத் தொகுத்து, அடிக்கடி வருபவை முதலில் வரும்படி ஒரு வரைபடம் போட்டுப் பேராசிரியருக்கு அனுப்பினேன். மாடிப்படி முதலிடம். அவர் உடனே போன் செய்தார். "கனவுன்னு எழுதாதே. 'அகநிலைப் பின்னூட்டம்'னு எழுது. மத்தபடி நல்லா இருக்கு. நேரம் எங்கே?"

நேரம் இல்லை. காரணம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பதாவது அறையில் ஸ்டாப்வாட்சோடு ஒரு நாற்காலியில் உட்காருவேன். சித்தி கண்ணை மூடுவாள். தூரத்து மழைச் சத்தம், பஞ்சின் மணம், ஒரே சீரான மூச்சு. நான் பொத்தானை அழுத்துவேன். அதன்பிறகு எனக்கு நினைவு இருக்காது. முதல் மெத்தைக்கு நான் பதிவுசெய்த நேரம் ஒரு மணி நாற்பது நிமிடம்.

ஊசியக்கா தோளைத் தட்டி எழுப்பினார். "தம்பி, உன் சித்தி இருபது மெத்தை முடிச்சிட்டாங்க. நீ இன்னும் முதல் மெத்தையிலயே இருக்கே. காலேஜ்ல உனக்கு என்ன ராங்க்?"

ஐந்து நாள் இப்படியே போயிற்று. ஐந்து நாளில் நான் சேகரித்த ஒரே உண்மை, அந்த நாற்காலியும் தூங்குவதற்கு நல்ல நாற்காலி என்பதுதான்.

*

"நின்னுக்கிட்டே எடு. முப்பது விநாடிக்கு ஒரு தடவை அழுத்து. ஆள் நின்னா தூக்கம் வராது" என்றார் பேராசிரியர்.

இரண்டாவது வாரம் நின்றேன். முப்பது விநாடிக்கு ஒரு முறை 'டிக்'. எனக்குத் தூக்கம் வரவில்லை. சித்திக்கும் வரவில்லை.

நான்கு நிமிடம் ஆறாயிற்று. ஆறு ஒன்பதாயிற்று. உள்கதவுக்கு வெளியே மெத்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயர்ந்தன. சித்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்குகிறவர்களின் முகம் அப்படி இருக்காது. பரீட்சை எழுதுகிறவர்களின் முகம் அப்படி இருக்கும்.

"என்ன சித்தி?"

"கண்ணை மூடினா உன் கட்டைவிரல்தான்டா தெரியுது. இப்போ அழுத்தப்போறான், இப்போ அழுத்தப்போறான்னு இருக்கு."

"நான் வேணா மெதுவா அழுத்தறேன்."

"அது இன்னும் மோசம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சித்தப்பா கதவைத் திறந்த கையோடு, "வாங்க ஆராய்ச்சியாளரே! உங்க புண்ணியத்துல எங்க வீட்ல இப்போ யாரும் தூங்கறதில்ல" என்றார். வீட்டிலும் படுத்ததும் அவளுக்கு 'டிக்' கேட்கிறதாம். சித்தி எனக்குப் பரிமாறிக்கொண்டே, "பையனைத் திட்டாதீங்க. அவனுக்குப் பட்டம் வேணும்ல?" என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இரண்டு முறை தண்ணீர்க் குவளைக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாள்.

என் எண்கள் மட்டும் அழகாக இருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக நான் போட்ட ஒரு கோடு வளையாமல், நடுங்காமல், நேராக மேலே ஏறியது. பேராசிரியர் அதைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அந்தக் கோடு எதன்மேல் கால் வைத்து ஏறுகிறது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் கோணத்தைப் பாராட்டினார்கள்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "தம்பி, யுனிவர்சிட்டி சொன்னா நான் ஒன்பதாவதை மூடிடுவேன். படிச்சவங்க சொல்றீங்க. ஆனா அவங்களை அப்புறம் எங்க போடறதுன்னு புரியல. பதினெட்டு வருஷம் தூங்கினவங்களை முழிச்சிருக்கற வேலைக்கு எப்படி மாத்தறது? வீட்டுக்கு அனுப்பறதைத் தவிர வேற வழி தெரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒரு தடவை நேர்ல பாத்துடலாம். மிஷினும் அவங்களும். அப்புறம் முடிவு பண்றேன்" என்றார்.

*

திங்கட்கிழமை காலை பதினொரு மணி. கொட்டகையின் நடுவில் பன்னிரண்டு மெத்தைகளை விரித்திருந்தார்கள். அவற்றில் மூன்றில் ஊசியக்கா வேண்டுமென்றே பழுது வைத்திருந்தார். எவை என்பதை எழுதி, உறையில் போட்டு, தன் ஊசிப்பெட்டிக்குள் பூட்டிவிட்டார். பேராசிரியர் வந்திருந்தார். பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன வேலை என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. குண்டண்ணன் லாரியில் வந்து இறங்கினான்.

குண்டண்ணன் பன்னிரண்டு மெத்தையிலும் உருண்டு முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று சிவப்பு, ஒன்பது பச்சை. பேராசிரியர் குறித்துக்கொண்டார். அலுவலகத்துக்காரர்கள் மெதுவாகக் கைதட்டினார்கள். அந்தக் கொட்டகையில் கைதட்டல் கேட்டது அதுதான் முதல்முறை. தூசிகூட ஒரு கணம் நின்றது போலிருந்தது.

பிறகு சித்தி படுத்தாள். முதல் மெத்தையில் எட்டு நிமிடம். எழுந்து, "ஒண்ணும் வரல" என்றாள். இரண்டாவதில் பத்து நிமிடம். "இதுலயும் தூக்கம் வரல." மூன்றாவதில் படுத்தவள் கண்ணை மூடவே இல்லை. பன்னிரண்டு பேர் சுற்றி நின்று ஒருவருக்கு எப்போது தூக்கம் வரும் என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேணும்னா லைட்டை அணைக்கலாமா?" என்றார் பேராசிரியர். பகல் பதினொன்றரை.

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்கல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு நின்னா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நீங்களும் கொஞ்சம் படுங்களேன்."

"நாங்களா?"

"பன்னிரண்டு மெத்தை இருக்கு. எண்ணிப் பாத்தேன், நீங்களும் பன்னிரண்டு பேர்."

பேராசிரியர், முதலாளி, அலுவலகத்துக்காரர்கள் இருவர், லாரி டிரைவர், தையல் பிரிவில் ஆறு பேர், நான். முதலில் படுத்தது முதலாளி. அவர் செருப்பைக் கழற்றியதும் மற்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒரு வரைபடத்தை விரிப்பது போல அத்தனை கவனமாகப் படுத்தார். ஊசியக்கா உறை இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். சித்தி மட்டும் நின்றாள்.

இந்த இடத்தில் என் அறிக்கையில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஊசியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெயில் தூண்கள் ஒவ்வொரு மெத்தையாக நகர்ந்தனவாம். டிரைவர் குறட்டையைத் தொடங்கிவைக்க, அலுவலகத்துக்காரர்கள் அதை வழிமொழிந்தார்களாம். சித்தி வெறுங்காலோடு எங்கள் நடுவே நடந்து நடந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தாளாம். "பதினெட்டு வருஷமா நான் இப்படித்தான் இருந்திருக்கேனா? பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றாளாம்.

எழுந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. சித்தி டிரைவரிடமிருந்து தொடங்கினாள்.

"என்னண்ணே வந்துச்சு?"

"லாரியை ரிவர்ஸ் எடுக்கறேன்மா. பின்னாடி ஒருத்தன் வரலாம், வரலாம்ங்கறான். திரும்பிப் பாத்தா கடல்."

"பின்னாடியா? தலைமாட்டுல ஃபோம் ரெண்டு துண்டா ஒட்டியிருக்கு. நடுவுல இடைவெளி. இதை ஓரமா வைங்க."

அலுவலகத்துக்காரர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒரு கோப்புல கையெழுத்துப் போடறேன். பேனா தாளை விட்டு வரமாட்டேங்குது."

"பசை காயல. இதுவும் ஓரமா."

மற்றவருக்குக் கனவில்லை. தையல்காரர்கள் ஆறு பேருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. பேராசிரியர் தன் முறை வரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார், நோயாளி மருத்துவரிடம் பேசுவது போல. "ஒரு பரீட்சை ஹால். கேள்வித்தாளைப் பாக்கறேன், என் கையெழுத்து. நான் எடுத்த கேள்விதான். ஒண்ணுக்கும் பதில் தெரியல. இது எந்த ஸ்பிரிங்?"

சித்தி மெத்தையை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மெத்தை நல்லா இருக்கு சார். இது மெத்தையோட கனவு இல்ல. உங்களோடது."

பேராசிரியர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கடைசியில் முதலாளி. "எனக்கு ஒண்ணும் வரல" என்றார். கிசுகிசுப்பு இன்னும் தணிந்திருந்தது. சித்தி தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். இரண்டு மெத்தைதான் ஓரமாக இருந்தன. மூன்றாவது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊசியக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூரையைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

"இல்ல. வந்துச்சு" என்றார் முதலாளி திடீரென்று. "சொல்ல ஒரு மாதிரி இருக்கு. நான் ஒரு கடைக்கு மெத்தை வாங்கப் போறேன். கடைக்காரர், உங்களுக்கு எதுக்கு சார் மெத்தை, நீங்கதான் தூங்கறதே இல்லையேங்கறார். எல்லாரும் சிரிக்கறாங்க. அப்புறம் கடைத் தரை சாயுது, நான் உருண்டுக்கிட்டே போறேன்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"கடைக்காரர் சொன்னது உங்களோடது. தரை மெத்தையோடது. இடது ஓரம், மூணாவது வரிசை ஸ்பிரிங்."

உறையைப் பிரித்தார்கள். சித்தி சொன்ன மூன்றும் சரி. குண்டண்ணன் சொன்ன மூன்று சிவப்பில் ஒன்று தவறு. பசை காயாத மெத்தைக்கு அவன் பச்சை காட்டியிருந்தான். ஈரத்தில் படுத்து எழுந்து அவனுக்குப் பழக்கமில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பேராசிரியர் பெட்டியும் அம்புக்குறியுமாக வாழ்ந்தவர். "முறைப்படி பாத்தா இது அவங்க சோதனை இல்ல. அவங்க தூங்கவே இல்லையே. தூங்கினது நாம" என்றார். அதில் தவறு இல்லை. முதலாளியும் யோசித்தார். "ஆமா, தினமும் ஒரு குழுவைக் கூட்டிவந்து படுக்க வைக்க முடியாதுல்ல." சித்தியிடம் திரும்பினார். "சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்மா. பழையபடி ஒரு நாளைக்கு நாற்பது வந்துடுச்சுன்னா மிஷின் திரும்பப் போயிடும். வரலன்னா, மிஷின் இருக்கட்டும்."

குண்டண்ணனை ஒரு மூலையில் நிறுத்திப் போர்வை போர்த்தினார்கள்.

*

செவ்வாய்க்கிழமை நான் ஸ்டாப்வாட்சை எடுத்து வரவில்லை. அறைக்குள்ளும் போகவில்லை. கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து முதல் மெத்தை வெளியே வந்தது. பின்னாலேயே சித்தி, ஒரு பக்க முடி நசுங்கி, கன்னத்தில் துணிமடிப்பின் வரியோடு. தூங்கியிருக்கிறாள்! எனக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

"கனவு வந்துச்சுக்கா" என்றாள் ஊசியக்காவிடம். "இவன் எனக்கு டீச்சரா வரான். வீட்டுப்பாடம் எங்கேங்கறான். நான் பையில தேடறேன், பைக்குள்ள இன்னொரு பை, அதுக்குள்ள இன்னொரு பை."

"இது புதுசா இருக்கே. எங்க இடிக்குது?"

"தெரியல. பிரிச்சுத்தான் பாக்கணும்."

ஊசியக்கா கத்தரியை எடுத்தார். ஓரத்தைப் பிரித்தார், ஃபோமைத் தூக்கினார், ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். அத்தனை ஒழுங்கான மெத்தையை நான் பார்த்ததில்லை. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

ஊசியக்கா நிமிர்ந்தார். கத்தரியால் என்னைச் சுட்டினார். "மெத்தையில ஒண்ணுமில்ல தம்பி. குறை நீதான்."

சித்தி பாவமாக என்னைப் பார்த்தாள். "நீ வெளியில உக்காந்திருக்கேன்னு தெரியுதுல்லடா. அதான்."

கேட்டருகே இருந்த கேன்டீனுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் கூரை மட்டும் தெரியும். மாலை ஊசியக்கா டீ குடிக்க வந்தபோது செய்தி சொன்னார். "மொத்தம் ஒன்பது மெத்தை. ஒன்பதுலயும் நீ வந்தே. ஒண்ணுல பஸ் கண்டக்டரா வந்து சில்லறை கேட்டியாம்."

புதன்கிழமை பதினாறு. "பாதிக்குப் பாதி வந்தே. ஆனா பேசல. மூலையில நின்னு எழுதிக்கிட்டே இருந்தியாம். நான் நாலு மெத்தையை வீணாப் பிரிச்சேன். உன்னை நினைச்சா எரிச்சலா வருது."

"நாளைக்கு வரமாட்டேன்கா."

"கனவுல வராதேன்னா எப்படி வராம இருப்பே? சொல்லு, கேக்கறேன்."

வியாழக்கிழமை கேன்டீனிலும் உட்காராமல், வெளியே தெருவில் போய் நடந்தேன். ஒரு பூட்டுக்கடை, ஒரு சலவைக்கடை, மூடியிருந்த ஒரு கிளினிக். என்னை நானே நினைக்காமல் இருக்க முயன்றேன், ஏதோ அது உதவும் என்பது போல. திரும்பி வந்தபோது ஊசியக்கா கேட்டிலேயே நின்றிருந்தார். "இருபத்தேழு. உன் முதுகு மட்டும் வந்துச்சாம். எங்கயோ போய்க்கிட்டிருந்தியாம்."

வெள்ளிக்கிழமை பேராசிரியர் போன் செய்தார். அறிக்கையில் ஒன்பதாவது நிலையத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார்.

"காலியா விட்டிருக்கேன் சார்."

"காலியா விட்டா ப்ராஜெக்ட் முழுமை ஆகாது. இன்னொரு செமஸ்டர் இருக்க வேண்டியிருக்கும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அந்தக் கோடு? பலகையில ஒட்டினோமே, அது?"

"அது அவங்க தூங்கற நேரம் இல்ல சார். நான் நின்ன நேரம். எடுத்துடுங்க."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதினே?" என்றார்.

"'கவனிப்பவர் அகற்றப்பட்டார்'னு."

"ம். நல்ல வாக்கியம்" என்றார். இன்னும் ஏதோ கேட்க வந்தது போல மூச்சை இழுத்தார். "அவங்களைக் கேட்டேன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்றைய கணக்கு முப்பத்து மூன்று. வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்ததாம். உள்ளே யாரும் இல்லையாம்.

சனிக்கிழமை கேன்டீனில் காலையிலிருந்து ஐந்து டீ குடித்தேன். கூரைக்கு மேலே ஒரே ஒரு மேகம், அதுவும் சரியாக அடைக்காத மெத்தை போல ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு லாரி டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குண்டண்ணனை ஏற்றுவதா வேண்டாமா என்று யாராவது சொல்வார்கள் என்று அவரும் காத்திருந்தார். அவருக்கும் ஒரு டீ சொன்னேன். ஒருவரை ஒருவர் தூங்கும்போது பார்த்தவர்களுக்குள் வரும் ஒரு மரியாதை எங்களுக்குள் இருந்தது.

ஐந்து மணிக்கு ஊசியக்கா வந்தார். ஓடி வரவில்லை; அந்தக் கொட்டகையில் யாரும் ஓடுவதில்லை. எதிரே உட்கார்ந்து என் டீயை எடுத்துக் குடித்தார்.

"நாற்பதா?" என்றேன்.

"நாற்பத்தொண்ணு. கடைசியா ஒண்ணு சும்மா தூங்கினாங்க. நல்ல மெத்தையாம், எழுந்திரிக்க மனசில்லையாம். முதலாளியே போய் எழுப்பினார்."

டிரைவர் எழுந்து லாரிப் பக்கம் போனார்.

"தப்பான மெத்தை ஏதாவது?"

"மூணு. ரெண்டு மாடிப்படி, ஒரு ரயில். பிரிச்சேன், மூணுலயும் அவங்க சொன்ன இடத்துலதான் பழுது."

"நான்?"

ஊசியக்கா குவளையை மேசையில் வைத்தார். முதல்முறையாக அவர் குரலில் ஊசி இல்லை. "நீ வரல தம்பி."

"செருப்பு?"

"அதுவும் இல்ல."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு, பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பது போல என்னவோ செய்தது. கொட்டகையின் கதவு திறந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நடுவில் சித்தி, ஒரு பக்க முடி நசுங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு. கேன்டீனைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது.

"நீ இன்னும் இங்கதான் இருக்கியா?" என்றாள்.